மேனேஜர் ‘ஈஸ் ஆஃப்’ என்றார், நான் பயந்துவிட்டேன்

கடிதம் நான்கு பக்கம் இருந்தது. யார், எந்த ஊர் என்று தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

எழுதியவர் தென்மாவட்டம் ஒன்றைச் சேர்ந்த நர்ஸ், வயது 29. மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடியில் பாஸ் ஆகி, இங்கிலாந்தின் வடக்கே ஓர் என்ஹெச்எஸ் (அரசு மருத்துவச் சேவை) மருத்துவமனையில் சர்ஜிக்கல் வார்டில் சேர்ந்து பதினான்கு மாதம் ஆகிறது. கணவரும் நான்கு வயது மகனும் ஊரில் இருக்கிறார்கள். போவதற்கு வாங்கிய கடன் பாதி நிற்பதால், வழக்கமான டியூட்டி போக வாரம் இரண்டு பேங்க் ஷிஃப்ட், அதாவது தனிச் சம்பளத்துக்குச் செய்யும் கூடுதல் ஷிஃப்ட், எடுக்கிறார். பிரேக்கில்கூட உட்காராமல் ஹெல்த்கேர் அசிஸ்டென்ட்கள் செய்ய வேண்டிய வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்வதாக எழுதியிருக்கிறார். ஒரு மாதத்துக்கு முன் வார்டு மேனேஜர் தனியாக அழைத்து, ‘யூ நீட் டு ஈஸ் ஆஃப் அ பிட்’ என்றிருக்கிறார். இவர் தலையாட்டிவிட்டு வந்து ஃபோன் அகராதியில் பார்த்தால் ‘தளர்’, ‘குறை’, ‘விலகு’ என்று வந்திருக்கிறது. அறைத்தோழியிடம் கேட்டதற்கு, “ஸ்லாக் ஆஃப் மாதிரிதான்டி, நீ வேலையை ஒப்பேத்துறேன்னு நாசூக்கா சொல்றாங்க” என்றிருக்கிறார். அன்று இரவே மேனேஜருக்கு மெயில் போயிருக்கிறது: ‘நான் ஒருநாளும் ஸ்லாக் ஆஃப் செய்ததில்லை, இன்னும் கடினமாக உழைக்கிறேன், ஒரு வாய்ப்புக் கொடுங்கள்.’ அடுத்த வாரம் இரண்டு பேங்க் ஷிஃப்ட் மூன்றாகியிருக்கிறது.

அந்த மூன்றாவது ஷிஃப்டில்தான் இன்னொன்று நடந்திருக்கிறது. இரவு 2.40-க்கு, பித்தப்பைக் கல் வலியோடு படுத்திருந்த ஒரு முதியவர் ‘இட்ஸ் ஈஸிங் ஆஃப் நவ், லவ்’ என்றிருக்கிறார். இவர் நோட்டில் ‘நோ பெயின்’ என்று எழுதியிருக்கிறார். காலை ரவுண்டில் டாக்டர் கேட்டபோது, பத்துக்கு ஆறு வலி, ராத்திரி முழுக்க இருந்தது என்று முதியவர் சொல்லியிருக்கிறார். இன்சிடென்ட் ரிப்போர்ட் போடப்பட்டது. மேனேஜரிடமிருந்து ‘ப்ளீஸ் கம் அண்ட் ஸீ மீ’ என்று ஒரு வரி மெயில். இவர் இன்னும் போகவில்லை.

“அக்கா, என்னைச் சோம்பேறின்னு சொன்னாங்களா? லே ஆஃப் பண்ணிடுவாங்களா? விசா போயிடுமா? அதுக்கு முன்னாடி நானே ராஜினாமா பண்ணிட்டு வேற ஆஸ்பத்திரிக்குப் போயிடவா? ரெண்டு வார்த்தை புரியலைன்னா நான் எதுக்கு லாயக்கு?” என்று முடித்திருக்கிறார்.

அன்புத் தங்கைக்கு,

இல்லை. உங்களைச் சோம்பேறி என்று அவர் சொல்லவில்லை. சோம்பேறியிடம் அந்தச் சொல்லைச் சொல்லவே முடியாது. மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருக்கிறவரைப் பார்த்துத்தான் ‘கொஞ்சம் மெதுவா போம்மா’ என்போம். திண்ணையில் உட்கார்ந்திருக்கிறவரிடம் அப்படிச் சொல்வோமா? ‘ஈஸ் ஆஃப்’ என்று ஒருவர் சொன்னால், நீங்கள் ஏற்கெனவே அளவுக்கு மேல் இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பதை அவர் பார்த்துவிட்டார் என்று அர்த்தம். அதாவது நீங்கள் பயந்ததற்கு நேர் எதிர். உங்கள் மேனேஜர் உங்கள் உழைப்பைக் கவனித்திருக்கிறார், அது உங்களைத் தின்றுவிடுமோ என்று கவலைப்பட்டும் இருக்கிறார்.

நானும் நர்ஸாக அங்கே வேலை பார்த்தவள்தான். இப்போது வெளிநாடு போகும் நர்ஸ்களுக்குப் பயிற்சியும் ஆலோசனையும் தருகிறேன். உங்களைப் போல நல்ல வேலைக்காரர்கள் பலர் இந்த மாதிரி ரெண்டு வார்த்தைச் சொற்களில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். தேர்வுக்குப் படிக்கும்போது ‘கோலிசிஸ்டைட்டிஸ்’ (பித்தப்பை அழற்சி) மாதிரி பெரிய சொல்லெல்லாம் தண்ணீர்பட்ட பாடு. ‘ஈஸ்’, ‘ஆஃப்’, ‘லெட்’, ‘அப்’ எல்லாம் யூகேஜி வார்த்தை என்று யாரும் நின்று பார்ப்பதில்லை. ஆனால் நோயாளியும் மேனேஜரும் பேசுவது பூராவும் அந்த யூகேஜி வார்த்தைகளில்தான்.

பள்ளிக்கூட மைதானத்தில் கேட்ட ‘ஈஸ்’

இந்த ‘ஈஸ்’ உங்களுக்குப் புதுசு இல்லை. காலையில் வரிசையில் நின்று பிடி சார் விசில் அடித்ததும் ‘அட்டென்ஷன்! ஸ்டேண்ட் அட் ஈஸ்!’ என்று கேட்டிருப்பீர்கள். அட்டென்ஷனில் உடம்பு விறைப்பாக இருக்கும், குதிகால் ஒட்டியிருக்கும். ஸ்டேண்ட் அட் ஈஸ் என்றதும் என்ன செய்தீர்கள்? காலைக் கொஞ்சம் அகட்டி, கையைப் பின்னால் கட்டி, மூச்சு விட்டீர்கள். வரிசையை விட்டு வகுப்புக்கு ஓடிப்போகவில்லை. ஓடுவதற்கு ‘டிஸ்பர்ஸ்’ என்று தனிச்சொல் உண்டு. உங்கள் மேனேஜர் சொன்னது ஸ்டேண்ட் அட் ஈஸ். உங்கள் காதில் விழுந்ததோ டிஸ்பர்ஸ்.

‘ஈஸ்’ பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். சௌகரியம், இறுக்கம் இல்லாத நிலை என்று பொருள். ‘டிஸீஸ்’ என்று தினமும் எழுதுகிறோமே, அதுவும் இதே சொல்லில் பிறந்ததுதான். ஈஸ் இல்லாத நிலை என்பதுதான் அதன் பழைய பொருள்.

பிறகு ஏன் உங்களுக்கு இது நிறுத்து, விலகு என்று கேட்டது? காரணம் ‘ஆஃப்’. நம் பேச்சில் ஆஃப் என்றால் முழுக்க அணைப்பது. லைட்டை ஆஃப் பண்ணு, ஃபோன் ஸ்விட்ச் ஆஃப். நர்ஸ்களுக்கு இன்னொரு ஆஃப் வேறு இருக்கிறது, ‘நாளைக்கு எனக்கு ஆஃப்’. ஆனால் ஆங்கிலத்தில் ஆஃப் எப்போதும் சுவிட்ச் கிடையாது. பல இடங்களில் அது கொஞ்சம் கொஞ்சமாக விலகிப்போவதைக் காட்டும். வெயில் தாழட்டும், அப்புறம் போகலாம் என்று உங்கள் அம்மா சொல்வார்களே, அதுதான். வெயில் தாழ்வது என்றால் சூரியன் மறைவதா? இல்லை. வெயில் இருக்கும், சுடுவது குறைந்திருக்கும். அந்தத் தாழ்வதுதான் ஈஸ் ஆஃப்.

வேலையைப் பற்றிச் சொல்லும்போது இதற்கு இணையாகத் தமிழில் எனக்குப் பிடித்த சொல் ‘விட்டுப் பிடி’. பட்டம் விடுகிற பையன் நூலை இழுத்துக்கொண்டே இருந்தால் அறுந்துவிடும், கையை விட்டுவிட்டால் போய்விடும். கொஞ்சம் விட்டுப் பிடிப்பான். பாய்மரப் படகு ஓட்டுகிறவர்கள் காற்று வேகமாக அடிக்கும்போது பாயின் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்துவதை ‘ஈஸ்’ என்றுதான் சொல்கிறார்கள். கயிறு அப்போதும் கையில்தான் இருக்கிறது. உங்கள் தோழி சொன்ன ‘ஸ்லாக்’கும் கயிற்றைப் பற்றிய சொல்தான், ஆனால் அது தொய்ந்து கிடக்கிற கயிறு. ‘ஸ்லாக் ஆஃப்’ என்றால் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமல் ஏமாற்றுவது, ஒப்பேற்றுவது. அது திட்டு. ஈஸ் ஆஃப் அக்கறை. இரண்டிலும் உழைப்பு குறைகிறது என்பதால் அகராதி பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடுகிறது. யார் யாரிடம் எந்த முகத்தோடு சொல்வார்கள் என்று அது சொல்வதில்லை. உங்கள் தோழி மேல் கோபப்படாதீர்கள், அவருக்கும் இதே குழப்பம்தான்.

இப்போது உங்கள் மெயிலை மேனேஜர் எப்படிப் படித்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். ‘உடம்பைப் பார்த்துக்கோம்மா’ என்று சொன்னவருக்கு, ‘நான் ஒப்பேற்றவில்லை, என்னை விட்டுவிடாதீர்கள்’ என்று பதில் போனால் எப்படி இருக்கும்? பதறியிருப்பார். ‘ப்ளீஸ் கம் அண்ட் ஸீ மீ’ அந்தப் பதற்றத்தில் எழுதியதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. நமக்கு அது பிரின்சிபால் ரூமுக்கு வா என்று கேட்கும். அங்கே அது சாதாரண வரி, காபி குடிக்கக் கூப்பிடவும் அதையே எழுதுவார்கள்.

எதில் குறைக்கச் சொன்னார் என்று கேட்டீர்களா?

இந்தச் சொல்லில் ஒரு வம்பு இருக்கிறது. ‘ஈஸ் ஆஃப்’ என்று மொட்டையாக நிறுத்தினால் எதில் என்பது தொக்கி நிற்கும். முழுதாகச் சொன்னால் ‘ஆன்’ சேர்த்துச் சொல்வார்கள்: ‘ஈஸ் ஆஃப் ஆன் தி எக்ஸ்ட்ரா ஷிஃப்ட்ஸ்’. ஆளின் பெயர் வந்தால் பொருள் கொஞ்சம் மாறும், ‘ஈஸ் ஆஃப் ஆன் ஹிம்’ என்றால் அவரிடம் கடுமை காட்டாதே, விரட்டாதே என்று அர்த்தம். ‘ஈஸ் அப்’ என்பதும் ஏறக்குறைய இதே. ‘ஈஸ் அப் ஆன் தி ஸால்ட்’ என்று டாக்டர் நோயாளியிடம் சொன்னால் உப்பைக் குறை, அடியோடு விட வேண்டியதில்லை.

அதனால் மேனேஜர் ஷிஃப்டைத்தான் சொன்னார் என்று நானும் அடித்துச் சொல்ல மாட்டேன். பிரேக் எடுக்காததைச் சொல்லியிருக்கலாம். மற்றவர் வேலையையும் நீங்களே செய்வதைச் சொல்லியிருக்கலாம். ஹெல்த்கேர் அசிஸ்டென்ட்களுக்கு ‘இந்தப் பெண் நம்மை நம்பவில்லை’ என்று தோன்ற அது போதும். எனவே போய்க் கேளுங்கள். மெயில் வேண்டாம், நேரில். என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் நான் சொல்லிப் பழக்குவது இந்த மாதிரி: ‘வென் யூ ஸெட் ஈஸ் ஆஃப், ஐ தாட் யூ மென்ட் ஐ வாஸ் நாட் வொர்க்கிங் ஹார்ட் இனஃப். ஐ நவ் நோ தட்ஸ் நாட் வாட் இட் மீன்ஸ். வாட் வுட் யூ லைக் மீ டு ஈஸ் ஆஃப் ஆன்?’ நீங்கள் சொன்னதை நான் தப்பாகப் புரிந்துகொண்டேன், இப்போது புரிகிறது, எதில் குறைக்கச் சொல்கிறீர்கள் என்று கேட்கிறீர்கள், அவ்வளவுதான். இரண்டு முறை கண்ணாடி முன் சொல்லிப் பார்த்துவிட்டுப் போங்கள். தலையாட்டிவிட்டு வராதீர்கள். நம் ஊரில் பெரியவர் பேசும்போது தலையாட்டுவது மரியாதை. அங்கே அதைப் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள்.

கட்டிலில் இருந்து கேட்கும் ‘ஈஸிங் ஆஃப்’

மேனேஜர் விஷயத்தைவிட எனக்கு அதிகமாக உறுத்துவது அந்த முதியவர் விஷயம். காலை வரை அவர் வலியோடு கிடந்திருக்கிறார். இதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை, இனி நடக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

காய்ச்சல் இறங்குது, காய்ச்சல் விட்டுடுச்சு. இந்த இரண்டையும் நீங்கள் ஊரில் குழப்புவீர்களா? மாட்டீர்கள். ‘இட்ஸ் ஈஸிங் ஆஃப்’ என்றால் இறங்குது. ‘இட்ஸ் கான்’ என்றால் விட்டுடுச்சு. ‘இட்ஸ் ஈஸ்ட் ஆஃப்’ என்று முடிந்ததாகச் சொன்னாலும் இறங்கியிருக்கு என்றுதான் அர்த்தம், மிச்சம் இருக்கலாம். பித்தப்பை வலி ஏறி இறங்கும் என்பது உங்களுக்கே தெரியும். இறங்குகிற நேரத்தில் ஒருவர் சொன்ன வார்த்தையை வலியே இல்லை என்று எழுதினால், அடுத்து வருகிறவர் மாத்திரையைப் பற்றி யோசிக்கவே மாட்டார்.

அந்தத் தலைமுறை ஆங்கிலேயர்களிடம் இன்னொன்றும் உண்டு. நர்ஸைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று வலியைக் குறைத்தே சொல்வார்கள். ‘அ பிட் ஸோர்’ என்பவருக்குப் பத்துக்கு ஏழு இருக்கும். எனவே ஈஸிங் ஆஃப் என்று காதில் விழுந்ததும், ‘குட். வாட் நம்பர் இஸ் இட் நவ், அவுட் ஆஃப் டென்?’ என்று உடனே கேட்டுவிடுங்கள். அப்புறம் அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள்: நேரம் 2.40, நோயாளி கூற்று ‘ஈஸிங் ஆஃப்’, இப்போது 4, முன்பு 7, மீண்டும் பார்க்கும் நேரம் 3.10. அவர் சொன்ன சொல்லுக்கு அர்த்தம் உங்களுக்குச் சரியாகத் தெரியாவிட்டாலும் இப்படி எழுதினால் தவறு நேராது. சொல்லை நீங்கள் மொழிபெயர்க்காமல் எண்ணைக் கேட்டு வாங்குகிறீர்கள்.

இதற்குப் பக்கத்தில் ஒரு சொல் ஒளிந்திருக்கிறது, ‘வேர் ஆஃப்’. ‘இட்ஸ் வேரிங் ஆஃப்’ என்று நோயாளி சொன்னால் சட்டென்று சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். எது என்று பாருங்கள். வலி வேரிங் ஆஃப் என்றால் நல்ல செய்திதான். ஆபரேஷன் முடிந்து வந்தவர் பெரும்பாலும் மரத்துப்போக வைத்த ஊசியையோ வலி மருந்தையோதான் சொல்வார். மருந்தின் வேகம் இறங்குகிறது, வலி வரப்போகிறது. அதே ஆஃப், அதே குறைவது, ஆனால் உங்கள் வேலை தலைகீழ்.

ஈஸ் ஆஃபுக்கு மூன்றாவதாக ஓர் அர்த்தம் உண்டு, அதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு பாட்டி. முழங்காலுக்குக் கீழே புண், எண்பதைத் தாண்டிய வயது, தோல் வெங்காயச் சருகு மாதிரி. நான் டிரெஸ்ஸிங்கைப் பிரிக்கக் கை வைத்ததும், ‘ஈஸ் இட் ஆஃப், லவ், டோன்ட் புல்’ என்றார். எனக்கு அப்போது தெரிந்த ஈஸ் ஆஃப் ‘மெதுவா வேலை செய்’ மட்டும்தான், அவசரப்படாதே என்கிறார் என்று கையை எடுத்துவிட்டேன். பக்கத்தில் இருந்த சீனியர் சலைனை ஊற்றி நனைத்து, ஒரு மூலையைத் தூக்கி, தோலை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு துணியை மட்டும் இம்மி இம்மியாகக் கழற்றினார். ஈஸுக்கும் ஆஃபுக்கும் நடுவில் ‘இட்’ என்றோ ஒரு சாமானின் பெயரோ வந்தால், வலிக்காமல் மெல்லக் கழற்று என்று அர்த்தம். மோதிரம், காலுறை, பிளாஸ்டர் எல்லாவற்றுக்கும் இதுதான். அந்தப் பாட்டி எதற்கும் கோபப்படவில்லை. ‘லவ்’ என்று கூப்பிடுவதும் அந்தப் பக்கத்துப் பழக்கம்தான், நம் ‘கண்ணு’ மாதிரி.

மற்ற உறவுக்காரச் சொற்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ‘லெட் அப்’ பெரும்பாலும் இல்லை என்பதோடுதான் வரும்: ‘இட் ஹேஸன்ட் லெட் அப் ஆல் நைட்’, ராத்திரி முழுக்க வலி விடவே இல்லை, உடனே கவனியுங்கள். ‘பேக் ஆஃப்’ என்றால் எட்டிப் போ, தலையிடாதே. நோயாளி சொன்னால் ஓரடி பின்னால் நகருங்கள், நீங்கள் யாரிடமும் சொல்லாதீர்கள். நீங்கள் பயந்த ‘லே ஆஃப்’ இரண்டு மாதிரி வரும். ‘லே ஆஃப் தி சிகரெட்ஸ்’ என்றால் சிகரெட்டைத் தொடாதே, இது குறைப்பது இல்லை, நிறுத்துவது. ‘லெய்ட் ஆஃப்’ என்றால் வேலை இல்லாததால் ஆட்களை அனுப்பிவிடுவது. ஈஸ் ஆஃபுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

குறைத்தால் என்ன ஆகும், விட்டால் என்ன ஆகும்

உங்கள் கணக்கையே போட்டுப் பார்த்தேன். இங்கிலாந்து என்ஹெச்எஸில் முழுநேர வேலை வாரம் 37.5 மணி நேரம். ஒரு பேங்க் ஷிஃப்டுக்குப் பதினொன்றரை மணி நேரம் என்று எழுதியிருக்கிறீர்கள், இரண்டுக்கு 23. மொத்தம் 60.5. மூன்று எடுத்த வாரத்தில் 72. பிரிட்டனில் 1998-ல் வந்த வேலைநேர விதிகளின்படி, பதினேழு வார சராசரியில் வாரம் 48 மணி நேரத்துக்கு மேல் ஒருவரை வேலை வாங்கக் கூடாது, அவரே எழுதிக் கொடுத்தால் தவிர. சேரும்போது நீட்டிய காகிதங்களில் அந்த ‘ஆப்ட் அவுட்’டிலும் நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கலாம், எடுத்துப் பாருங்கள். போட்டிருந்தாலும் திரும்பப் பெறலாம். வேறு எதுவும் எழுதியிருக்காவிட்டால் ஏழு நாள் நோட்டீஸ் போதும், எழுதியிருந்தாலும் மூன்று மாதத்துக்கு மேல் இழுக்க முடியாது. திரும்பப் பெற்றதற்காக உங்களைத் தண்டிக்கவும் முடியாது. ஒரு ஷிஃப்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே 11 மணி நேர ஓய்வும் உங்கள் உரிமை.

பேங்க் ஷிஃப்டைக் குறைத்தால் சம்பளம் குறைந்து விசாவுக்குச் சிக்கல் வருமோ என்று ஒரு வரியில் கேட்டிருக்கிறீர்கள். வராது. விசாவுக்குக் கணக்கில் எடுப்பது ஒப்பந்தத்தில் உறுதி செய்த அடிப்படைச் சம்பளத்தை. ஓவர்டைமும் எக்ஸ்ட்ரா ஷிஃப்டும் அதில் சேராது.

சிக்கல் ராஜினாமாவில்தான் இருக்கிறது. வேறு வேலை கையில் இல்லாமல் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். உங்கள் விசாவுக்கு ஸ்பான்ஸர் இந்த மருத்துவமனை. நீங்கள் வேலையை விட்டால் அவர்கள் உள்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். அதன்பின் பொதுவாக விசாக் காலத்தை 60 நாளாகக் குறைத்துக் கடிதம் வரும். அதற்குள் புது ஸ்பான்ஸர் கிடைத்து, அவர்களிடம் புது ஸ்பான்ஸர்ஷிப் சான்றிதழ் வாங்கி, விசாவுக்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். அழைத்துவர ஆன செலவைத் திருப்பிக் கேட்கும் ஷரத்து ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் உங்கள் கடன் இன்னும் ஏறும். வேறு மருத்துவமனைக்குப் போக உங்களுக்கு முழு உரிமை உண்டு, நல்ல காரணம் இருந்தால் நானே போகச் சொல்வேன். ஒரு சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டது அந்தக் காரணம் கிடையாது. விசா விஷயத்தில் என் பேச்சை மட்டும் நம்பி எதுவும் செய்யாதீர்கள். நர்ஸ்களின் சங்கமான ஆர்சிஎன்னில் உறுப்பினராக இருந்தால் அங்கே இமிகிரேஷன் ஆலோசனை கிடைக்கும், இல்லையென்றால் முதலில் உறுப்பினராகுங்கள்.

இன்சிடென்ட் ரிப்போர்ட் என்றதும் நமக்கு மெமோ ஞாபகம் வருகிறது. அங்கே அது என்ன நடந்தது, மறுபடி நடக்காமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று ஆராய்வதற்காகப் போடுவது. தவறை ஒப்புக்கொண்டு, திருத்தியும் கொண்டவர்களின் இந்த மாதிரி ஒற்றைச் சம்பவங்களை மருத்துவமனை அளவிலேயே பேசி முடிப்பதுதான் வழக்கம். பெரிய சிக்கலாவது மறைக்கும்போதுதான். அதனால் அந்தப் பழைய குறிப்பில் கை வைக்காதீர்கள். அடிக்கவோ மாற்றவோ வேண்டாம். திருத்தம் சேர்க்க வேண்டும் என்று மேனேஜர் சொன்னால், இன்றைய தேதி, நேரம், கையெழுத்தோடு பின்பதிவு என்று தனியாகச் சேர்ப்பதுதான் முறை. நோயாளி சொன்ன ஈஸிங் ஆஃப் என்ற சொல்லை வலி இல்லை என்று புரிந்துகொண்டேன் என உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். நர்ஸ்களைப் பதிவு செய்யும் என்எம்சியில் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும் ரீவேலிடேஷனுக்கு, அனுபவத்தில் கற்றதைச் சொல்லும் ரிஃப்ளெக்டிவ் அக்கவுன்ட் ஐந்து எழுதியாக வேண்டுமே, அதில் ஒன்றாக இதையே எழுதலாம். அந்த முதியவர் இன்னும் வார்டில் இருந்தால் போய் ஒரு ஸாரி சொல்லிவிடுங்கள்.

மொழி வகுப்பு சேர வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது வேண்டாம், இருக்கிற தூக்கத்தையும் அது தின்றுவிடும். யூனிஃபார்ம் பாக்கெட்டில் ஒரு சின்ன நோட்டு வையுங்கள். ஒரு ஷிஃப்டில் காதில் விழுகிற புரியாத சொல் ஒன்றே ஒன்றை, யார் சொன்னார், எப்போது சொன்னார் என்பதோடு எழுதுங்கள். நோயாளியின் பெயர் மட்டும் அதில் வரக் கூடாது. டீ பிரேக்கில் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம், ‘இதை என்னிடம் யாராவது சொன்னால் பாராட்டா, திட்டா?’ என்று கேளுங்கள். சந்தோஷமாகச் சொல்லிக்கொடுப்பார்கள். டீ பிரேக்கில் உட்கார உங்களுக்கு ஒரு காரணமும் கிடைக்கும்.

கடன் விஷயத்தை உங்கள் கணவரோடு பேசாமல் நீங்கள் மட்டும் தோளில் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கடிதத்தைப் படிக்கும்போது தெரிகிறது. வாரம் இரண்டு பேங்க் ஷிஃப்டை ஒன்றாக்கினால் கடன் எத்தனை மாதம் தள்ளிப்போகும் என்று இரண்டு பேரும் சேர்ந்து ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். எட்டு வாரம் அப்படி இருந்து பாருங்கள், பிறகு வேண்டுமானால் மறுபடி யோசிக்கலாம். முழுக்க நிறுத்தச் சொல்லவில்லை. இந்த வாரம் எழுதி வைத்திருக்கும் மூன்றாவது ஷிஃப்டை மட்டும் இன்றைக்கே ரத்து செய்துவிடுங்கள். நாளைக்கு அடுத்த ஷிஃப்ட் நர்ஸிடம் பொறுப்பை ஒப்படைக்கும் ஹேண்டோவர் முடிந்ததும் நேராக மேனேஜர் அறைக்குப் போய்க் கதவைத் தட்டுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள், அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே.

அன்புடன்,
அக்கா